ஓசை குறைந்த வேகம்

பழைய 350 சி.சி. புல்லட்டிலேயே ஆண்டுகள் பலவற்றைக் கழித்துவிட்ட நமக்கு, இன்டர்செப்டர் 650-ஐ ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு கிட்டியபோது ஆவலைவிடக் கூச்சமே மிகுந்திருந்தது. 2018-இல் விற்பனைக்கு வந்த வண்டி இது. இரட்டை உருளை, 648 சி.சி., 47 குதிரைத்திறன். நம் பழைய வண்டியின் வலிமையைப்போல் இரு மடங்கிற்கும் மேல். எடையும் இருநூறு கிலோவைத் தாண்டும்.

கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி நோக்கிப் புறப்பட்டோம். புல்லட்டில் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிவிடலாம். நாம் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் உலை வைத்துவிடுவார்கள்! இதிலோ மெல்லிய முனகல்தான். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம் நாற்பதைப்போலத் தோன்றிற்று. அந்தச் சுகத்தை நாம் நம்பவில்லை. அறுபது என்பது நொடிக்குப் பதினேழு மீட்டர். கண் கண்டதைக் கை உணர்ந்து பிரேக்கைப் பற்றுமுன் ஏறத்தாழ ஒரு நொடி ஓடிவிடும். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் வண்டி உருளும் தூரமோ நான்கு மடங்காகும்.

வளைவுக்கு அப்பால் பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். இவ்வண்டியில் உண்டு, ஆயினும் உருளும் நெல்மணிமேல் இல்லாத பிடிப்பை அது உண்டாக்கித் தராது. முன்னரே வேகத்தைத் தணித்து, ஊர்ந்து சென்றோம். முதுகைக் காட்டி நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த மூதாட்டி, நாம் அருகே வந்து நின்றபின்தான் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"சத்தமே கேக்கலீங்களே, ஐயா!"

பின்னர், நாம் கடந்து செல்வதற்காகக் காலால் நெல்லைச் சற்றே ஒதுக்கிவிட்டார்.