பித்தளையின் கனம்

தமிழில் எடையைக் குறிக்கும் சொற்கள் எடையோடு நின்றுவிடுவதில்லை. ‘கனம்’ என்பது பாரம், தடிமனும் அதுவே, அவையில் ஒருவர் பெயருக்கு முன்னால் வந்தால் மதிப்பு. ‘நிறை’ என்பது பள்ளி இயற்பியல் நூலில் ஒரு கலைச்சொல், நிறைகுடத்தில் நிரம்பியிருத்தல், திருக்குறளின் 126ஆம் அதிகாரமாகிய நிறையழிதலில் மனத்தை அடக்கிக் காக்கும் உறுதி. இவற்றை வகுப்பில் பல ஆண்டுகளாக விளக்கி வருகிறேன். ஆனால் இந்தப் பொருள்கள் எந்த இடத்தில் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன என்பதைக் காட்டியது அகராதி அன்று. அம்மாவின் பித்தளைப் பாத்திரங்கள்.

திருத்தணிப் பக்கத்துக் கிராமத்து வீட்டை விட்டுவிட்டு அம்மா எங்களோடு பருத்திப்பட்டுக்கு வந்தபோது, இரண்டு குடங்களும் ஓர் அண்டாவும் சில செம்புகளும் ஒரு குத்துவிளக்கும் உடன் வந்தன. அடுக்குமாடிக் குடியிருப்பின் பரணில் அவை பாதி இடத்தை அடைத்துக்கொண்டன. “இதையெல்லாம் கடையில போட்டுட்டு வேற எதுனா வாங்கிக்கலாம்ப்பா” என்றார் அம்மா. எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தக் கனம் இன்றைய பாத்திரங்களுக்கு வருமா என்று கேட்டேன். கேட்டபிறகு, அந்தக் கனம் உண்மையில் எவ்வளவு, எதனால் என்று பார்த்துவிடத் தோன்றியது.

சமையலறைத் தராசும் அளவுக் குவளையும் போதுமானவையாக இருந்தன. ஒரு பித்தளைச் செம்பு 680 கிராம் இருந்தது. விளிம்புவரை நீர் நிரப்பிய பாத்திரத்தில் அதைக் காற்று தங்காமல் சாய்த்து முழுவதும் அமிழ்த்தியபோது வழிந்த நீர் ஏறத்தாழ 80 மில்லி. வகுத்தால் எட்டரை. ஒரு கன சென்டிமீட்டர் பித்தளையின் எடை எட்டரை கிராம் என்று பாடநூல்கள் சொல்வதும் இதைத்தான். அதே அளவு எவர்சில்வர் செம்பு 240 கிராம், வழிந்த நீர் 30 மில்லி, வகுத்தால் எட்டு. (செம்பு என்ற உலோகத்தின் பெயர் பாத்திரத்துக்கு ஆகி, ‘எவர்சில்வர் செம்பு’ என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டதைப் போகிற போக்கில் குறிப்பிடலாம்.)

உலோகங்களை வரிசைப்படுத்தினால் பித்தளைக்கு இடைப்பட்ட இடம்தான். அலுமினியம் 2.7, துத்தநாகம் 7.1; இரும்பு 7.9, செம்பு 8.96, வெள்ளி 10.5, காரீயம் 11.3, தங்கம் 19.3. பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. எழுபதுக்கு முப்பது என்ற எடை விகிதத்தில் கலந்ததாகக் கொண்டு இரண்டின் அடர்த்தியிலிருந்து கணக்கிட்டால் 8.3 வருகிறது, உண்மையில் இருப்பது 8.5. தனித்திருக்கும் துத்தநாகத்தில் அணுக்கள் ஒரு திசையில் சற்று விலகி அடுக்கப்பட்டிருக்கின்றன. செம்பின் அடுக்குக்குள் அவை இடம்பெறும்போது நெருங்கி அமர்கின்றன. கூடிய பிறகு இரண்டும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் இடம் குறைந்துவிடுகிறது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. 1965இல் அங்கிருந்து வெளிவந்த விஜயந்தா பீரங்கி வண்டியின் எடை ஏறத்தாழ 40 டன். ஆனால் அதன் எஃகில் ஒரு துண்டையும் அம்மாவின் செம்பில் அதே பருமனுள்ள ஒரு துண்டையும் தராசில் வைத்தால் செம்பின் பக்கமே தாழும். ஆக, எவ்வளவு கனம் என்பது வேறு, எவ்வளவு அடர்த்தி என்பது வேறு.

என் இரு செம்புகளுக்கும் இடையே எடையில் ஏறத்தாழ மூன்று மடங்கு வேறுபாடு. அடர்த்தியிலோ நூற்றுக்கு ஆறேழு பங்குதான். எஞ்சியதெல்லாம் தகட்டின் தடிமன். எவர்சில்வர் உறுதியானது, மெல்லிய தகடாக இருந்தாலும் தாங்கும். பித்தளை மென்மையானது, மெலிந்தால் நசுங்கும். ஆனால் அது ஒரு காரணம் மட்டுமே. சீர்வரிசையில் வரும் பாத்திரத்தைக் கையில் தூக்கிப் பார்த்தவர்கள் தேடியது வேறொன்றை. பித்தளை எடைக்கு விலைபோகும். இடுக்கண் வந்தால் அடகுக்குப் போகும். தடிமன் என்பது சேமிப்பு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர் இருக்கிறது. செப்புத் திருமேனிகளுக்கோ முழம், விரல் கணக்கில் உயரம் சொல்லி, கனமாகச் செய்தது என்றும் குறித்திருக்கிறார்கள். உள்ளே வெற்றிடம் இல்லை என்பது அன்றே பதிவுசெய்யத் தக்க செய்தி.

இந்தக் கணக்கையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “குடத்தையும் நிறுத்துப் பாரு” என்றார். காலிக் குடம் மூன்றரை கிலோ. அது 15 லிட்டர் பிடிக்கும், பதினெட்டரை கிலோ. அதே தடிமனில் எவர்சில்வரில் செய்திருந்தால் கால் கிலோ குறைந்திருக்கும். ஒரு டம்ளர் தண்ணீர். பித்தளையின் அடர்த்தி அம்மாவின் இடுப்பில் கூடுதலாக ஏற்றியது அவ்வளவுதான். பெரும்பாரம் தண்ணீர், அதற்கடுத்தது, குடும்பம் சேமிப்பாகக் கருதிய தடிமன்.

“காலையில அஞ்சு நடை, சாயங்காலம் மூணு நடை. பிளாஸ்டிக் குடம் வந்தப்போ உங்க பாட்டி கௌரவக் குறைச்சல்னு சொன்னாங்க. எனக்குப் பாதி உசிரு திரும்ப வந்த மாதிரி இருந்துச்சு” என்றார்.

பித்தளைக் குடத்தைப் பற்றி நம் எழுத்தில் ஏக்கம் நிறைய உண்டு. ஏங்குகிறவர்களில் அதை இடுப்பில் வைத்து நடந்தவர்கள் எத்தனை பேர் என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். நெகிழிக் குடத்தை நானும் அழகுக்குறைவு என்றே நினைப்பவன். ஆனால் அது அடுத்த தலைமுறைப் பெண்களின் ஒவ்வொரு நடையிலிருந்தும் மூன்று கிலோவை இறக்கிவைத்திருக்கிறது. இலக்கியத்தில் அந்த மூன்று கிலோவுக்குக் கணக்கு எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்த வாரமே குடங்களும் அண்டாவும் கடைக்குப் போயின. கடைக்காரர் தராசில் வைக்கும்போது அம்மா முள்ளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குடத்தின் கழுத்தில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பாட்டியின் பெயரை நான் ஒரு முறை தடவிப் பார்த்தேன். அம்மா அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. வந்த பணத்தைத் தம் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடச் சொன்னார்.

குத்துவிளக்கை மட்டும் கொடுக்கவில்லை. “அது நல்ல கனம், அடி ஆடாது, வச்ச இடத்துல நிக்கும்” என்றார்.