மூன்று கம்பியும் ஒரே நிறம்

மல்டிமீட்டரின் கவ்விகளுக்கு இடையில் டயோடை மாட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். திரையில் எண் மெல்ல ஏறி ஓரிடத்தில் நின்ற பிறகுதான் குறித்தார். விரல் சூடு பட்டால் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறைந்துவிடும். ரிச்சி தெருவில் வாங்கிய ஐம்பது 1என்4148 டயோடுகளில் ஒன்றுபோல் இருக்கும் நான்கைப் பொறுக்கவே அரைமணி நேரம் ஆனது.

தாம்பரத்தில் ஒரு மொட்டைமாடி அறை. அவர் தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவர், பழைய ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர். பாலிடெக்னிக் மாணவி ஒருத்தி, தானே கட்டிய 40 மீட்டர் அலைவரிசை ரிசீவரைக் கொண்டுவந்திருந்தாள். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ், காயில் சுற்றத் தண்ணீர்க் குழாய் வாஷரே போதும் என்று காட்டிய சர்க்யூட். அதைப் பார்த்து வந்த துணிச்சல் அவளுக்கு.

“ஆன்டெனாவைச் சொருகினாலும் இரைச்சல் கூடவே இல்ல சார்.”

“அப்போ மிக்சரைத்தான் பார்க்கணும்மா.”

7.1 மெகாஹெர்ட்ஸில் வரும் குரலை, ரிசீவருக்குள் ஆசிலேட்டரில் பிறக்கும் 2.9 மெகாஹெர்ட்ஸ் அலையோடு கலந்து 10 மெகாஹெர்ட்ஸ் ஆக்குவது மிக்சர். அங்கே கிறிஸ்டல் பில்டர் காத்திருக்கிறது. வளையமாகக் கோத்த நான்கு டயோடுகள், ஆசிலேட்டரின் தாளத்துக்கு இரண்டிரண்டாகத் திறந்து மூடும். முழுசாகத் திறக்க 5 மில்லிவாட் வேண்டும். 50 ஓமில் அது 0.7 வோல்ட் உச்சம். நன்றாக வேலை செய்தாலும் வந்த சக்தியில் கால் பங்குதான் மிஞ்சும். ஆனாலும் அவர் எஸ்ஏ612 மிக்சர் சிப்பைத் தொடுவதில்லை. மாலையில் 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள் முழங்கும்போது சிப் சீக்கிரம் திணறிவிடும், டயோடு வளையம் தாங்கும். இரண்டையும் ஒரே ஆன்டெனாவில் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறேன். அவர் கட்சிதான் நானும்.

டயோடுகளை மாற்றியும் ரிசீவர் ஊமையாகவே இருந்தது. ஒரு டயோடும் கெபாசிட்டரும் சேர்த்து அவரே செய்த புரோப்பை எடுத்தார். ஆசிலேட்டர் சரி. அந்த அலையை டயோடு வளையத்துக்குக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மரின் நடுமுனையிலிருந்து இடப்பக்கம் வைத்தார், வோல்ட் காட்டியது. வலப்பக்கமும் காட்டியது. இரண்டு ஓரங்களுக்கும் குறுக்கே வைத்தார். இரட்டிப்பாக வர வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

“எதைச் சேர்த்து நடுமுனை எடுத்தே?”

அவள் டிரான்ஸ்பார்மர் காயிலைத் திருப்பிப் பார்த்தாள். சுற்றியிருந்த மூன்றும் ஒரே நிற எனாமல் கம்பி. ஒரு கம்பியின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு சேர்க்க வேண்டும். அவள் இரண்டு தொடக்கங்களைச் சேர்த்திருந்தாள். இரு பாதிகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. டயோடுகள் திறக்க வழியே இல்லை. ஓம் மீட்டர் இதைச் சொல்லாது. அதற்கு எல்லாம் ‘கனெக்‌ஷன் உண்டு’தான். மிக்சர் கோளாறுகளில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்: கண்ணுக்கும் மீட்டருக்கும் குற்றமே இல்லாத ஒரு தப்பு.

அவர் கை வைக்கவில்லை. அவளையே பிரித்துச் சுற்றவிட்டார். மூன்று கம்பிகளை முறுக்கி, தொடக்க முனைகளில் நெயில் பாலிஷ் பொட்டு வைத்து, பழைய டிவி பேலன் கோரில் பத்துச் சுற்று. சால்டரிங் புகை அடங்கியதும் ஆன்டெனாவைச் சொருகினாள். சடசடவென்று இரைச்சல் எழுந்தது. அதற்குள்ளிருந்து மூக்கடைத்தாற்போல் ஒரு குரல். குமிழை மயிரிழை திருப்பியதும் தமிழாயிற்று. யாரோ தங்கள் ஊர் மழையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சார், டயல் தலைகீழா ஓடுது.”

“7.2க்கு ஆசிலேட்டர் 2.8க்கு இறங்கணும் இல்லையா?”

அவள் டயலில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டு, புதுத்தாளில் வலமிருந்து இடமாக எண்களை எழுத ஆரம்பித்தாள்.