ஒரு நாளைக்குப் பத்து

காலையில் எழுந்ததும் மற்ற வீடுகளில் காபி. அம்பத்தூரில் எங்கள் வீட்டில் ஆல்புமின் ஸ்ட்ரிப்.

அஞ்சாங்கிளாஸ் படிக்கும் என் பையன் பாத்ரூமிலிருந்து வந்து, "அப்பா, இன்னிக்கும் த்ரீ பிளஸ்!" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அறிவிப்பான். நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம். சிறுநீரகத்தின் சல்லடை வழியாகப் புரோட்டீன் ஒழுகிவிடும். கண்ணெல்லாம் வீங்கிக்கொள்ளும். "ஸ்டீராய்டு மாத்திரையில பெரும்பாலும் சரியாயிடும் சார்" என்றார் டாக்டர். அந்தப் 'பெரும்பாலும்' மூன்று வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை.

உப்பில்லாத ரசம் சாதம் உள்ளே இறங்க ஒரு கதை வேண்டும். தெனாலிராமன், பீர்பால் எல்லாம் முதல் வாரத்திலேயே காலி. அன்றைக்கு வேறு கதை கிடைக்காமல், கிளின்ட்டை ஆரம்பித்துத் தொலைத்தேன்.

கொச்சிப் பையன். 1976-ல் பிறந்தவன். அப்பா ஹாலிவுட் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ரசிகர், அதான் அந்தப் பெயர். சின்ன வயசிலேயே சிறுநீரகக் கோளாறு. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே யானை, தெய்யம், கோயில் திருவிழா என்று வரைந்து தள்ளினான். பதினெட்டு வயசுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டியில், அஞ்சு வயசில் முதல் பரிசு! மொத்தம் 25,000 படங்களுக்கு மேல்.

"உடான்ஸ் விடாதப்பா. எத்தனை நாள்ல?"

2017-ல் அவனைப் பற்றி மலையாளத்தில் சினிமா வந்தபோதே நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பி.காம். புத்தி, வாய் முந்திக்கொண்டது. "2,522 நாள்ல. ஒரு நாளைக்குப் பத்து."

பையன் கால்குலேட்டரை எடுத்து 365-ஆல் வகுத்தான்.

"ஏழு வருஷம்கூட வரலையே. அப்புறம் ஏம்ப்பா வரையலை?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. மனைவி எட்டிப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"செத்துட்டானா?"

"ம். 1983-ல. ஆனா உன்னோடது வேற வியாதிடா..."

"தெரியும்ப்பா. நான் அந்தப் பெரும்பாலும்ல வருவேன். நீ சாதத்தைக் குடு."

வெளி பெஞ்சில் உட்கார்ந்து அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்!

சாப்பிட்டு முடித்ததும் பேப்பர் கேட்டான். ராத்திரிக்குள் நாலு படம். பாக்கி ஆறு நாளைக்காம். நாலாவது படத்தில் நான், லுங்கியோடு. முன் வழுக்கையைக்கூட விடவில்லை. கண் இரண்டும் இட்லி மாதிரி வீங்கியிருந்தன.

"எனக்கு எதுக்குடா வீக்கம் போட்டிருக்கே?"

"நீதான் ராத்திரி தூங்கறதே இல்லையே" என்றான்.