வருமுன் காக்கும் இல்லம்

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியன் ஒருவனிடம் வேறு எதனை எதிர்பார்ப்பது? ஆயினும், இன்று நான் வாழும் ஊரின் நிலை வேறொன்றை எழுதத் தூண்டுகின்றது. இடர் வருமுன் வீட்டை ஆயத்தஞ் செய்து வைத்தலே அது. இப்பொருள் இலக்கியத்துக்குப் புறம்பானதுமன்று. வருமுன் காவாதவனைப் பற்றிய குறளைத் திருவள்ளுவர் ‘குற்றங்கடிதல்’ என்னும் அதிகாரத்தில் வைத்துள்ளார். அரசனை நோக்கிய அதிகாரமெனினும் இல்லத் தலைவனுக்கும் அது பொருந்தும். முன்னறிந்து காவாமையை வள்ளுவர் விதியின்மேல் ஏற்றவில்லை. களையத்தக்க குற்றமென்றே கொண்டார்.

கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் ஏ9 வீதியில், அக்குறணைக்கு அப்பால் இருப்பது அலவத்துகொட. யாழ்ப்பாணம் வரை செல்லும் பெருவீதியும் இதுவே. பயிற்றப்பட்ட ஆசிரியனாக இப்பகுதிக்கு வந்து குடியேறிய எனக்கு, பனைகளும் வயல்களும் நிறைந்த சமதரையையே கண்டு வளர்ந்தமையால், இம்மலைச் சாரல்கள் கண்ணுக்கு விருந்தாயின. இங்குள்ள வீடுகள் பலவற்றின் பின்புறத்தில் வெட்டிய மண்மேடு எழுந்து நிற்கும். முன்புறத்தில் நிலம் பள்ளத்தை நோக்கி இறங்கும். அழகென்று நாம் போற்றும் அச்சரிவே, மழை மிகுந்தால் ஆபத்தாகின்றது.

2025 நவம்பர் இறுதியில் டித்வாச் சூறாவளி இலங்கையைத் தாக்கிற்று. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது கண்டியே. அலவத்துகொடப் பகுதியிலும் மண் சரிந்து மனைகளை மூடிற்று. மின்சாரம் நின்றது; தொலைபேசி ஓய்ந்தது; வீதிகள் அறுந்தன; குழாய்நீர் வரவில்லை. அதன் பின்னான நாள்களில் இருவகைக் குடும்பத்தாரை நான் கண்டேன். உடுத்த உடையோடு நள்ளிரவில் இருளில் இறங்கி வந்தோர் ஒரு வகையினர். நாள்தோறும் தாம் உண்ணும் மாத்திரையின் நிறம் அவர்களுள் ஒரு மூதாட்டிக்கு நினைவில் இருந்தது. பெயர் நினைவில் இல்லை. மற்றை வகையினர் பிற்பகலிலேயே புறப்பட்டு, கிளினிக் கொப்பியும் அடையாள அட்டைகளும் கையிலிருக்க வந்தவர்கள். இரு வகையினரும் ஒரே வறுமையில் வாழ்வோரே. வேறுபாடு செல்வத்தால் வந்ததன்று. முன்கூட்டியே செய்துகொண்ட முடிவினால் வந்தது.

என் தலைமுறையைச் சேர்ந்த பழைய மாணவர்க்கு இப்பாடம் புதிதன்று. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர் ஒரே இரவில் ஊரை விட்டுப் புறப்பட்டு, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியை அடைந்ததை நாம் மறவோம். அன்று நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். என் அன்னையார் கையில் ஒரு சிறு தகரப் பெட்டி இருந்தது. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், எங்கள் தேர்ச்சி அறிக்கைகள் ஆகியவை அதனுள் இருந்தன. நகையை எங்கே வைத்தோம் என்று பலர் தேடிய அவ்வேளையில், அவர் தேடவேண்டியிருக்கவில்லை. பின்னர் வேறொரு பாடசாலையில் என்னைச் சேர்த்தபோது அப்பெட்டி எத்துணைப் பயன் தந்ததென்பதை அறிந்தேன். அக்காலத்தில் வடபுலத்து வீடுகள் பலவற்றில் அத்தகைய பெட்டியோ பையோ வாயிலருகே இருந்தது. போர் ஓய்ந்தபின் அது பரணுக்கு ஏறிவிட்டது. பரணிலிருந்து அதனை இறக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

போரின் வரவை ஓசை அறிவித்தது. மலையோ பெரும்பாலும் ஓசையின்றியே அறிவிக்கும். நிலத்தில் புதிய வெடிப்புத் தோன்றுதல், மரமும் மின்கம்பமும் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்றுப் புறப்படுதல், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல், சுவர் பிளந்து கதவு இறுகுதல் ஆகிய இவையே மண்சரிவின் முன்னறிகுறிகள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கின்றது. விழிப்பாயிரு, புறப்பட ஆயத்தமாயிரு, வெளியேறு என்பன முறையே அவற்றின் பொருள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், 100 மில்லிமீற்றர், 150 மில்லிமீற்றர் என மழை ஏறுவது அந்நிலைகளுக்கு வழிகாட்டும் அளவு. ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலும் வெளியேறவேண்டும். நேரான பக்கமும் தட்டையான அடியும் உள்ள தகரப்பேணி ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, மாணவரின் அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்தால் மழையின் அளவு ஏறத்தாழத் தெரியும். ஏழரைச் சென்ரிமீற்றர் நிரம்பிவிட்டால் கண் துஞ்சலாகாது.

அறிகுறியை அறிந்தும் புறப்படாதிருப்பதே பெருந்தடை. எங்கள் வீட்டிலும் அது எழுந்தது. டித்வாவுக்குப் பின்னர் ஒரு மாலை குடும்பத்தோடு இருந்து, அடுத்த முறை என் செய்வதென்று ஆராய்ந்தோம். அன்னையார் தமது முடிவைச் சொன்னார்: “தம்பி, இந்த வயதில நான் எங்க ஓடுறது? நீங்கள் பிள்ளையளைக் கொண்டு போங்கோ. நான் வீட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்.” நான் விடை தேடுமுன் என் மனைவி சொன்னாள்: “மாமி, நீங்கள் வராட்டி இவர் வரமாட்டார். இவர் வராட்டி நானும் பிள்ளையளும் போகமாட்டம்.” அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அப்பிடியெண்டால் முதல் ஆளாய் நான் இறங்கிறன். பெட்டி என்ர கையில இருக்கட்டும்” என்றார். ஒருவர் தங்கினால் அவரோடு அனைவரும் தங்குவர் என்பதை அவர் உணர்ந்துகொண்டார். இத்தகைய பேச்சை மழை பெய்யும் இரவில் நிகழ்த்த இயலாது. வெயிற்காலத்திலேயே அதனை முடித்துவிடவேண்டும்.

அன்று நாங்கள் மூன்று முடிவுகள் செய்தோம். முதலாவது, எப்போது புறப்படுவது: செம்மஞ்சள் எச்சரிக்கை வந்தால், இருட்டுமுன் முதியவரும் சிறுவரும் செல்வர்; சிவப்பு வந்தாலோ, அறிகுறி ஒன்றைக் கண்டாலோ, அறிவிப்புக்குக் காத்திராது அனைவரும் செல்வோம். இரண்டாவது, எங்கே சேர்வது: பிரிந்து போனாலும் வந்து கூடுவதற்கு, சரிவுக்கும் ஓடைக்கும் விலகிய ஓரிடத்தைக் குறித்தோம். மூன்றாவது, யார் யாருக்குப் பொறுப்பு: மூத்த மகன் பாட்டியாருக்கு, மனைவி இளையவளுக்கு, எரிவாயுவையும் மின்சாரத்தையும் நிறுத்தி, அயல்வீட்டுக் கதவைத் தட்டுவது எனக்கு. முதற் பயிற்சியில் முற்றத்தில் கூடப் பதினொரு நிமிடம் ஆயிற்று. மூன்றாவது பயிற்சியில் நான்கு நிமிடமே போதுமாயிற்று. இளையவளுக்கு அது விளையாட்டு. கற்பிக்க வேண்டிய முறையும் அதுவே.

இனிப் பொருள்களைச் சொல்வேன். இடர் இருவகைப்படும். வீட்டை விட்டுச் செல்லவேண்டி வருவது ஒன்று. வீதி அறுந்து வீட்டிலேயே அடைபட்டிருப்பது மற்றொன்று. முன்னதற்கு ஒரு தோட்பை போதும். பொலித்தீனில் சுற்றிய ஆவணங்கள், கிளினிக் கொப்பி, ஒரு வாரத்து மாத்திரை, டோர்ச், பற்றரி, மாற்றுடை, சிறிது காசு, பிஸ்கற், தண்ணீர்ப் போத்தல் ஆகியவை அதில் இருக்கட்டும். ஆவணங்களின் படியை வேற்றூரில் வாழும் உறவினர் ஒருவரிடமும் கொடுத்து வைத்தல் நன்று. பின்னதற்கு, ஓராளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லீற்றர் நீர் வேண்டும். ஐவர் வாழும் வீட்டுக்கு மூன்று நாளைக்கு 60 லீற்றர். அரிசி, பருப்பு, அவல், மண்ணெண்ணெய், தீப்பெட்டி, பற்றரியால் இயங்கும் வானொலி ஆகியவையும் தேவை. வெள்ளம் கலந்த கிணற்று நீரைக் கொதிக்க வைக்காது அருந்தலாகாது.

தொலைபேசி எண்களைக் கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திருப்பது போதாது. அதன் பற்றரி தீர்ந்தால் எண்ணும் தீர்ந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, நோயாளர் காவு வண்டி 1990, பொலிஸ் 119 ஆகியவற்றையும் கிராம உத்தியோகத்தர், உறவினர் எண்களையும் தாளில் எழுதிப் பையில் வைத்துள்ளோம். பாடசாலைத் தவணை தொடங்கும் நாள்தோறும் பையைத் திறந்து, காலாவதியான மாத்திரையையும் பற்றரியையும் மாற்றுகின்றோம்.

அலவத்துகொட மூவினத்தாரும் கலந்து வாழும் பகுதி. நள்ளிரவில் எழும் குரல் எம்மொழியிலும் எழலாம். மண்சரிவைச் சிங்களத்தில் ‘நாய’ என்பர். வீதியில் யாரோ அவ்வாறு கூவக் கேட்டு, நாயைத் துரத்துகின்றனர் என்று நம் பிள்ளை படுத்துறங்கினால் என்னாவது? அயலாரின் மொழியில் பத்துச் சொற்களேனும் அறிந்திருத்தலும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே. அயலாரோடு பழகியிருத்தல் அதனினும் சிறந்தது.

எனினும், ஒன்றைச் சொல்லாதொழிவது நேர்மையன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயன் வீடுகளை விழுங்கிற்று. அவ்விடம் ஆபத்தானது என்னும் அறிவுறுத்தல் பல்லாண்டுகளுக்கு முன்னரே வழங்கப்பட்டிருந்தது. சொந்தக் காணி இல்லாதவனிடம் வெளியேறு என்றால், அவன் எங்கே செல்வான்? பையும் பயிற்சியும் ஓரிரவின் உயிரைக் காக்கும். பாதுகாப்பான நிலமே தலைமுறையைக் காக்கும். நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் அரச பணியிலும் பொறியியலிலும் மருத்துவத்திலும் உயர்ந்து விளங்குகின்றனர். அவர்கள் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

அன்பர்களே, இம்மலரைப் படித்து முடித்ததும், இன்றிரவு உணவுக்குப் பின் வீட்டாரை ஒருங்கே அழைத்து, எப்போது புறப்படுவது, எங்கே சேர்வது, யார் யாருக்குப் பொறுப்பு என்னும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். விடைகள் ஒன்றுபடும் வரை எழாதிருங்கள். அம்முயற்சிக்குக் காசு ஒன்றும் வேண்டியதில்லை. கல்லூரி அன்னை நீடு வாழ்க. அவள் மக்கள் இல்லங்கள் யாண்டும் இடரின்றி ஓங்குக.