சாத்துக்குடி வில்லை

விழாக்காலக் கேக்குகளின் மேல் கண்ணாடி போல் மின்னும் ஆரஞ்சு வில்லைகளை நண்பர்கள் கண்டிருப்பீர்கள். பெரம்பலூரில் சனி, ஞாயிறுகளில் நான் வேலை பார்க்கும் பேக்கரிக்கு அவை வெளியூரிலிருந்து டப்பாவில் வந்துகொண்டிருந்தன. விலையைக் கேட்டதும், இதை வீட்டிலேயே செய்தால் என்ன என்று தோன்றியது. தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம் அது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் எறையூர்ப் பக்கம். 1970களில் சர்க்கரை ஆலை வந்த ஊர். என் தாயார் கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி. முகூர்த்த மாதங்களில் கல்யாணச் சமையலுக்கு உதவியாகவும் போவார். ஆறு சாத்துக்குடிகளோடு நான் வந்து நின்றபோது, "ஏன்டா, காலேஜுக்குப் போறவன் அடுப்புக்கிட்ட என்ன பண்ணப் போற?" என்றார்.

பழத்தைத் தோலோடு கால் அங்குல வில்லைகளாக நறுக்கி, விதை நீக்கி, நீரில் கொதிக்கவிட்டு அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். மறுபடியும் அப்படியே. தோலின் வெள்ளைப் பகுதியிலுள்ள கசப்பு இதில் குறையும். (பம்பளிமாசின் கசப்புப் பொருளுக்கு வேதியியலில் 'நரிஞ்சின்' என்று பெயர். ஆரஞ்சைக் குறிக்கும் 'நாரங்க' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. நம் நாரத்தைக்கும் அதற்கும் உறவுண்டு என்பர்.) பின்பு ஒரு கிலோ சர்க்கரை, ஒரு லிட்டர் நீர் சேர்த்த பாகில் இட்டுச் சிறு தீயில் ஒரு மணி நேரம்.

இங்கேதான் பொறுமை வேண்டும். எடுத்த எடுப்பில் கெட்டிப் பாகில் போட்டால், சர்க்கரை உள்ளே புகுமுன் நீர் வெளியேறி வில்லை சுருங்கி விறைத்துவிடும். பழம் வெந்து உயிரணுச் சவ்வுகள் சிதைந்திருந்தால் சர்க்கரை மெல்ல உள்ளே பரவும். இரவு முழுதும் பாகிலேயே ஊறவிட்டு, காலையில் மீண்டும் சூடாக்கினோம். தோல் கண்ணாடியாயிற்று. பாட்டி நார்த்தங்காயைச் சுருள் சுருளாக அரிந்து உப்பிட்டு வெயிலில் வைப்பதும் நீரை வெளியேற்றத்தான். நீர் குறைந்த இடத்தில் பூஞ்சணம் வளராது.

பாகு இறுகும் நேரத்தில் அம்மா நான் கேளாமலே அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்தார். "ஜாங்கிரிப் பாகுக்கு இப்படித்தான் விடுவாங்க. இல்லாட்டி பூத்துப்போயிரும்." அமிலத்தால் சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிகிறது, அதனால் படிகம் கட்டுவதில்லை. முதலாண்டில் இந்த வினைக்கு நான் சமன்பாடு எழுதியிருக்கிறேன். அதைச் சொன்னேன். அம்மா கரண்டியை நிறுத்தி, "இதையா அங்க பாடமா வச்சிருக்காங்க?" என்று கேட்டார். அன்றுதான் முதன்முறையாக என் பாடத்தைப் பற்றி விசாரித்தார். அரைமணி நேரம் பேசினோம்.

பேக்கரி அண்ணன் ஒன்றை ஒடித்துத் தின்று பார்த்துவிட்டு, புத்தாண்டுக் கேக்குகளுக்கு இருநூறு கேட்டிருக்கிறார். மார்கழிப் பனியில் காய மூன்று நாளாவது ஆகும் என்கிறார் அம்மா. எனவே இந்த வாரமே பழம் வாங்கியாக வேண்டும்.