மனுவின் வலிமை

கடைமடைக்கு நீர் வந்து சேர வாய்க்கால் மட்டும் போதாது. தக்க சொல்லும் வேண்டும். திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் வாழும் நாம் இதனை நன்கறிவோம். மேட்டூர் அணை திறந்த செய்தி நாளிதழில் வந்துவிடும்; நீர் நம் வயலை எட்டப் பல நாட்கள் ஆகும். சம்பாப் பயிர் வாடும்போது அதிகாரிகளுக்கு மனு எழுதுவதும் நம் வேளாண்மையில் ஒரு பகுதியாகிவிட்டது.

அம்மனுக்களுள் பல இரக்கத்தை வேண்டியே தொடங்கி, இரக்கத்தை வேண்டியே முடிகின்றன. எந்த வாய்க்கால், எத்தனை மா நிலம், எந்நாள் முதல் நீரில்லை என்னும் விவரங்கள் அவற்றில் இல்லை. படிப்பவர் உள்ளம் உருகலாம். ஆயினும் ஆணையிட அவருக்கு ஆதாரம் வேண்டுமன்றோ?

பிறரை இணங்கச் செய்யும் வழிகளை அரிஸ்டாட்டில் மூன்றாக வகுத்தார்: சொல்பவர்பால் நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, சொல்லும் காரணம். அவருடைய அந்நூல் அரபியில் பெயர்க்கப்பெற்றது; குர்துபா நகரின் பேரறிஞர் இப்னு ருஷ்து (1126–1198) அதற்கு உரை வரைந்தார்.

இம்மூன்றும் கூடிய வழக்கொன்று நம் டெல்டாவிலேயே உண்டு. 1983-இல் காவிரிப் பாசன விவசாயிகளின் சங்கமொன்று உச்ச நீதிமன்றத்தை நாடியது. மனுதாரர்கள் அந்நீரை நம்பி உழுபவர்கள். ஆதலின் அவர்தம் சொல்லுக்கு மதிப்பிருந்தது. வாடும் பயிரின் துயரம் அவர்கள் பின்னே நின்றது. ஆயினும் அவர்கள் முதன்மையாகக் கேட்டது இரக்கத்தையன்று. மாநிலங்களுக்கிடையிலான நீர்த் தகராறு பற்றிய 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடுவர் மன்றம் அமைக்க வேண்டும் என்பதையே. நீதிமன்றம் தரவியன்ற ஒன்றைச் சட்டத்தைச் சுட்டிக் கேட்டனர். 1990 மே 4-ஆம் நாள் நீதிமன்றம் அவ்வாறே பணித்தது. ஜூன் 2-ஆம் நாள் மன்றம் அமைந்தது. அதன் இறுதித் தீர்ப்பு 2007-இல்தான் வந்தது என்பது வேறு கதை. ஆயினும் கதவைத் திறந்தவற்றுள் அம்மனுவும் ஒன்று.

உணர்ச்சி கூடாது என்பதன்று நம் கருத்து. அது உண்மையின் அளவைக் கடக்கலாகாது. ஐந்து மா வாடியதை ஒரு வேலி என்றெழுதினால், கிராம நிர்வாக அலுவலர் வயலைப் பார்த்த அன்றே நம் சொல் மதிப்பிழக்கும். மறு ஆண்டு மெய்யாகவே ஒரு வேலி கருகினாலும் நம்புவார் இரார்.

எனவே, நம் வீடுகளில் கற்ற பிள்ளைகள் பெரியவர்களுக்கு மனு எழுதித் தரும்போது, முதலில் நிலமும் உரிமையும், அடுத்து நாளும் அளவும், அதன்பின் துயரம் என்று வரிசைப்படுத்துவார்களாக. துயரத்துக்குக் கண்ணால் கண்ட ஒரு செய்தியே போதும். கேட்பது இன்னதென்று இறுதியில் ஒரே வரியில் தெளிவாக எழுதட்டும்.