அமெரிக்காவில் பிள்ளையோடு ஒரு ஆட்டம் பார்க்கணுமா?



பிள்ளைகளை அமெரிக்காவில் படிக்க வச்சிருக்கிற ரெண்டு மூணு குடும்பம் நம்மிடையே இருக்கு. "பையன் ஃபுட்பால் பார்க்கக் கூப்பிடுறான், டிக்கெட் விலையைப் பார்த்தா தலை சுத்துது"ன்னு ஒரு அக்கா சொன்னாங்க. அதனால்தான் இந்தப் பதிவு.

எங்கள் மகள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம். ரெண்டு வருஷமா நேரில் பார்க்கவில்லை. 2025 செப்டம்பரில் எப்படியோ விமான டிக்கெட் போட்டுக் கிளம்பினோம். பட்டமளிப்புக்கு மறுபடியும் போக வசதி இருக்குமான்னு தெரியாது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அம்மா, அப்பா, ஒரு மேட்ச் சேர்ந்து பார்க்கலாம்." இது நம்ம ஊர்ப் பந்து இல்லை, கையில் தூக்கிக்கிட்டு ஓடுற ஆட்டம். அவங்க மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். நம்ம புக்கிட் ஜாலிலைவிடப் பெரிசு!

முதலில் எந்த ஆட்டம் என்று பார்த்தோம். நவம்பர் கடைசியில் ஒஹாயோ ஸ்டேட்டுடன் நடக்கிறது பரம்பரைப் போட்டி. அதற்கு ஒரே டிக்கெட்டுக்குக் கேட்ட விலை, நாங்கள் கடைசியில் மூணு பேருக்குக் கொடுத்ததைவிட அதிகம். செப்டம்பர் 13-ல் சென்ட்ரல் மிச்சிகனுடன் ஆட்டம். எதிரணி சின்னது, அதனால் விலையும் குறைவு. பிள்ளையோடு உட்காரத்தானே போகிறோம், எதிரணி யாரா இருந்தா என்ன?

அடுத்தது பொறுமை. மறுவிற்பனைத் தளங்களில் விலை தினமும் மாறும். வர முடியாதவங்க ஆட்டம் நெருங்க நெருங்க விலையை இறக்குவாங்க. மூணு வாரம் முன்னாடி 70 டாலர் காட்டிய மேல் வரிசை இருக்கை, வியாழக்கிழமை 48 டாலருக்கு வந்தது. மூணு பேருக்கு 144 டாலர், நம்ம காசுக்கு ஏறக்குறைய 600 வெள்ளி. பெரிய ஆட்டத்துக்கு இப்படிக் காத்திருப்பது ஆபத்து, விலை ஏறவும் செய்யும்.

கட்டணத்தையும் கவனிங்க. முன்பெல்லாம் குறைந்த விலை காட்டி, பணம் கட்டும்போது சேவைக் கட்டணம் சேர்ப்பாங்க. 2025 மே மாதத்திலிருந்து மொத்த விலையை முதலிலேயே காட்டணும் என்பது அங்கே சட்டம். ஸ்டப்ஹப், சீட்கீக், டிக்பிக் மூன்றிலும் ஒரே வரிசைக்கு மொத்த விலையை ஒப்பிட்டுப் பாருங்க.

மாணவர் டிக்கெட் மலிவாகக் கிடைக்குதேன்னு அவசரப்படாதீங்க. பல பல்கலைக்கழகங்களில் மாணவர் அல்லாதவர் அதில் நுழையணும்னா கூடுதல் பணம் கட்டி மாற்றணும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்றோம். சமூக ஊடகத்தில் ஒருவர் மகளுக்கு எழுதினார்: மூணு டிக்கெட் 100 டாலர், உடனே ஜெல் வழியா அனுப்பு. டிக்கெட்டின் ஸ்க்ரீன்ஷாட்டும் வந்தது. அந்த 100 டாலர், சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவி அவள் ஒரு வாரம் சம்பாதிக்கிற காசு. இப்போது டிக்கெட் எல்லாம் கைப்பேசியில்தான். விற்பவர் தன் கணக்கிலிருந்து நம் கணக்குக்கு மாற்றினால்தான் அது நம்முடையது, படம் செல்லாது. "முதலில் மாற்றி அனுப்புங்க, பேபாலில் பொருள் வாங்கும் முறையில் கட்டுறோம்"னு கேட்டோம். ஆளைக் காணோம். ஜெல்லில் போன பணத்தைத் திரும்ப வாங்குவது ரொம்பக் கஷ்டம், பிள்ளைகளிடம் சொல்லி வையுங்க.

கைப்பை விதியையும் பார்த்துட்டுப் போங்க. பல மைதானங்களில் உள்ளே தெரிகிற பை மட்டும்தான் அனுமதி.

ஆட்டம் 63-3. விதிமுறை எங்களுக்குப் பாதி புரியவில்லை. இடைவேளையில் பேண்டு வாத்தியம் முழங்கினப்போ, மகள் எங்கள் ரெண்டு பேர் கையையும் பிடிச்சுக்கிட்டு நின்னா. 600 வெள்ளி நமக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனால் பிள்ளை இன்னும் நம்மைக் கூப்பிடுற வயசில் இருக்கும்போதே போயிடணும்.

தேதியும் ஊரும் சொல்லுங்க, கூட உட்கார்ந்து தேடித் தர்றோம்.